கிராண்ட் கேன்யன் பாறைகளைப் படிக்க ஒரு மாலை, ஒரு காலை

அரிசோனாவின் கிராண்ட் கேன்யன் தேசியப் பூங்காவுக்குப் போகிறவர்கள் பலர் விளிம்பில் நின்று படம் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். அடுக்குகளை அடையாளம் காணத் தெரிந்துவிட்டால் அங்கிருந்து நகரவே மனம் வராது. தெற்கு விளிம்பில் ஒரு மாலையும் மறுநாள் காலையும் போதும்.

படி 1: மாலையில் யாவபாய் புவியியல் அருங்காட்சியகத்துக்குப் போங்கள். சாய்வெயிலில் அடுக்குகள் பிரிந்து தெரியும். உச்சிவெயிலில் எல்லாம் வெளிறிவிடும். முதலில் வடிவத்தைப் பாருங்கள். கெட்டியான மணற்கல்லும் சுண்ணாம்புப் பாறையும் செங்குத்தாக நிற்கும், களிப்பாறை சரிந்து கிடக்கும். நிறத்தை மட்டும் நம்பினால் ஏமாந்துபோவீர்கள். நடுவில் தெரியும் உயரமான சிவப்புச் சுவர் உண்மையில் சாம்பல்நிறச் சுண்ணாம்புப் பாறை. மேலடுக்குகளின் இரும்புத்துரு மழைநீரில் வழிந்து ஏறிய சாயம் அது.

படி 2: அங்கிருந்தே தொடங்கும் 'காலத் தடத்தில்' நடங்கள். மீட்டருக்கு ஒரு வெண்கலக் குறி பதித்திருக்கிறார்கள்; ஒரு மீட்டர் நடந்தால் 10 லட்சம் ஆண்டு பின்னோக்கிப் போவதாகக் கணக்கு. கொலராடோ ஆறு இந்தப் பள்ளத்தை அறுத்த காலம் ஐந்தாறு மீட்டரில் முடிந்துவிடும். உங்கள் காலடியில் உள்ள கைபாப் சுண்ணாம்புப் பாறையின் வயதை எட்டவோ 270 மீட்டர் நடக்க வேண்டும். பள்ளத்தின் அடியில் கறுத்துத் தெரியும் விஷ்ணு பாறைக்கு 1,700 மீட்டர் தாண்ட வேண்டும். (அது நம் விஷ்ணுவேதான். கிளாரன்ஸ் டட்டன் என்ற புவியியலாளர் 19ஆம் நூற்றாண்டில் ஒரு சிகரத்துக்கு வைத்த பெயர், பிறகு பாறைக்கும் வந்தது.) அதன்மேல் நேராக உட்கார்ந்திருக்கும் டபீட்ஸ் மணற்கல்லுக்கும் அதற்கும் இடையே 100 கோடி ஆண்டுகளுக்கு மேல் இடைவெளி. அந்தக் காலத்துப் பாறைகள் அங்கே அரித்துப்போய்விட்டன.

படி 3: மறுநாள் விடியலில் ஷட்டில் பேருந்தில் போய், தெற்கு கைபாப் பாதையில் சீடர் ரிட்ஜ் வரை இறங்குங்கள். ஒருவழி 2.4 கிமீ, இறக்கம் சுமார் 350 மீட்டர். முதலில் வெளிர்நிறச் சுண்ணாம்புப் பாறை. அதில் கடற்பஞ்சு, சிப்பி எச்சங்களைத் தேடுங்கள். அடுத்த கோகோனினோ மணற்கல்லில் சாய்ந்த கோடுகள் அடுக்கடுக்காக ஓடும். அவை பழைய பாலைவன மணல்மேடுகளின் சரிவுகள். ஷூவில் செந்தூசி படியத் தொடங்கினால் ஹெர்மிட் அடுக்குக்கு வந்துவிட்டீர்கள்.

பலரும் தவறுவது திரும்பும்போதுதான். இறங்க ஒரு மணி நேரம் ஆனால் ஏற இரண்டு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். கோடையில் 10 மணிக்குள் மேலே வந்துவிட வேண்டும். வழியில் தண்ணீர் கிடையாது. ஆளுக்கு 2 லிட்டராவது எடுத்துச் செல்லுங்கள், கூடவே உப்புள்ள தின்பண்டமும். வெறும் தண்ணீரையே குடித்துக்கொண்டிருந்தால் ரத்தத்தில் சோடியம் குறைந்து குமட்டலும் மனக்குழப்பமும் வரும்.

கல்லை எடுத்துவருவது சட்டப்படி குற்றம். ஒரு நாணயத்தைப் பக்கத்தில் வைத்துப் படம் எடுங்கள், அளவு தெரியும்.