பாபின், கொக்கி, நான்: ஒட்டிக்கொண்டே திரியும் பூனைகளோடு குடித்தனம்

லைனிங் வைத்த ஜாக்கெட் ஒன்று தைக்க எனக்கு இரண்டு மணி நேரம் ஆகும். பாபின் விழித்திருந்தால் மூன்றரை.

பாபின் என் பூனை. மஞ்சள் கடுவன், வயது ஐந்து. அவனுக்குப் பின் வந்தவள் கொக்கி, சாம்பல் வரி போட்ட பெட்டை, வயது இரண்டு. உறையூரில் வாடகை வீடு. முன்னறையில்தான் மெஷின், கட்டிங் மேஜை, நான், இவர்கள் இரண்டு பேர். துணியை விரித்தால் அதன் நடுவில் வந்து படுப்பான். டேப்பை எடுத்தால் மறுமுனை அவன் வாயில் இருக்கும். மிதியில் கால் வைத்தால் கணுக்காலில் தலையைத் தேய்ப்பான். குளிக்கப் போய்க் கதவைச் சாத்தினால் வெளியே நின்று கத்தித் தெருவையே கூட்டிவிடுவான். பூனை தன் போக்கில் இருக்கும், ஆளைச் சட்டை செய்யாது என்று யாராவது சொன்னால், ஒரு நாள் என் ஸ்டூலில் வந்து உட்காருங்கள் என்று சொல்லத் தோன்றும். இந்த ஐந்து வருடத்தில் தப்புத் தப்பாகச் செய்து நான் கற்றுக்கொண்டதை எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைப் பிரித்துப் பாருங்கள். குட்டியிலிருந்தே ஒட்டிக்கொண்டு திரியும் பூனை வேறு. இத்தனை நாள் சாதாரணமாக இருந்துவிட்டுத் திடீரென்று உங்கள் காலைச் சுற்ற ஆரம்பித்த பூனை வேறு. இரண்டாவதற்கு விளையாட்டுக் குச்சி உதவாது, டாக்டரிடம் காட்ட வேண்டும். பத்து வயது தாண்டிய பூனை நிறையச் சாப்பிட்டும் மெலிந்துகொண்டே, ராத்திரி முழுக்கக் கத்திக்கொண்டு திரிந்தால் தைராய்டு அதிகமாகச் சுரப்பது காரணமாக இருக்கலாம். கடுவன் மணல் தட்டில் போய்ப் போய் உட்கார்ந்து, முக்கியும் ஒரு சொட்டு வராமல் உங்களிடம் வந்து கத்தினால் அதைக் கொஞ்சல் என்று நினைத்துவிடாதீர்கள். சிறுநீர் அடைப்பு உயிரை வாங்கும். விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. வலியாக இருக்குமோ என்று வீட்டில் கிடக்கும் பாராசிட்டமாலை மட்டும் கொடுத்துவிடாதீர்கள். நமக்குச் சாதாரணமான அந்த மாத்திரை, பாதி கொடுத்தாலே பூனையைக் கொன்றுவிடக் கூடும்.

கொக்கிக்கு ஐந்தரை மாதம் இருக்கும்போது இரண்டு நாளாகத் தரையில் உருண்டு உருண்டு அழுதாள். யாரைப் பார்த்தாலும் பின்பக்கத்தைத் தூக்கிக் காட்டுவாள், தொட்டால் விடமாட்டாள். வயிற்றுவலி என்று அத்தை ஓமத்தண்ணீர் காய்ச்சவே போய்விட்டார். விஷயம் அது இல்லை, பருவத்துக்கு வந்திருக்கிறாள். நாலைந்து மாதத்திலேயே அது வந்துவிடும், கடுவன் சேராவிட்டால் இரண்டு மூன்று வாரத்துக்கு ஒரு முறை திரும்பத் திரும்ப வரும். கருத்தடை ஆபரேஷன் செய்த பிறகு அந்த அழுகை நின்றது. கடுவனுக்கும் செய்துவிடுங்கள், ஊர் சுற்றுவதும் சுவரில் பீய்ச்சுவதும் பெரும்பாலும் குறையும்.

சரி, உடம்பில் ஒன்றும் இல்லை, சுபாவமே இப்படித்தான் என்றால்?

பாபின் எப்படி இப்படி ஆனான் என்று யோசித்துப் பார்த்தேன். ஐப்பசி மழையில் மாடிப்படிக்குக் கீழே கிடந்தான், மூன்று வாரக் குட்டி. நடை இன்னும் தள்ளாட்டம்தான். தாய் வருமென்று ஒரு பகல் முழுக்கத் தள்ளி நின்று பார்த்தோம், வரவில்லை. முதலில் பசும்பால் கொடுத்து வயிற்றுப்போக்கு வரவழைத்ததுதான் மிச்சம். அப்புறம் பூனைக்குட்டிக்கென்று விற்கும் பால் பவுடரைக் கலக்கிச் சிரிஞ்சில் கொடுத்தேன். குட்டி தாயோடும் கூடப்பிறந்தவற்றோடும் எட்டு வாரமாவது இருக்க வேண்டும், பன்னிரண்டு வாரம் இருந்தால் இன்னும் நல்லது. எவ்வளவு கடிக்கலாம், எப்போது விட வேண்டும், தனியாக எப்படித் தூங்குவது எல்லாம் அங்கேதான் பழகும். பாபினுக்கு அது கிடைக்கவில்லை. அதனால்தான் இன்றைக்கும் என் நைட்டி நுனியை வாயில் வைத்துச் சப்பிக்கொண்டே, சப்பாத்தி மாவு பிசைவதுபோல இரண்டு முன்னங்காலாலும் தொடையைப் பிசைவான். பால் குடிக்கும் குட்டி தாயின் மடியைப் பிசைகிற அதே பழக்கம். அடித்தாலும் திட்டினாலும் போகாது, நான் விட்டுவிட்டேன். துணியைக் கடித்து விழுங்க ஆரம்பித்தால் மட்டும் விடக் கூடாது.

ஆனால் எல்லாப் பழியையும் மழை மேல் போட முடியாது. பாதி நான் கற்றுக்கொடுத்தது.

விடிகாலை நாலரைக்கு எழுந்து கத்துவான். பூனைக்கு விடியலும் அந்தியும்தான் வேட்டை நேரம், அதில் அவன் தப்பு ஒன்றுமில்லை. வளர்ந்த பூனைகள் தங்களுக்குள் மியாவ் என்று பேசிக்கொள்வதும் அபூர்வம். அந்தச் சத்தம் பெரும்பாலும் மனிதருக்காக. அதாவது, கத்தினால் இந்தம்மா எழுந்து வருவாள் என்று கண்டுபிடித்து வைத்திருக்கிறான். கண்டுகொள்ளாமல் படுத்திருங்கள், தானாக நிற்கும் என்று ஒருவர் சொன்னதைக் கேட்டு நானும் தலையணையைக் காதில் அமுக்கிக்கொண்டு கிடந்தேன். ஒரு வாரம் ஆயிற்று, இரண்டு வாரம் ஆயிற்று, குறைவதாகத் தெரியவில்லை. அளவு நோட்டின் கடைசிப் பக்கத்தில் எத்தனை நிமிடம் கத்தினான் என்று எழுதி வந்தேன். இருபது, முப்பத்தைந்து, ஐந்து, நாற்பது, ஐந்து. இந்த ஐந்துதான் இடித்தது.

ஒரு நாள் பூனைக்கு முன்னால் எழுந்து இருட்டில் உட்கார்ந்திருந்தேன். கத்தல் தொடங்கியது. கொஞ்ச நேரத்தில் அடுப்படியில் டப்பா மூடி திறக்கும் சத்தம். அத்தை, கோலப்பொடிக் கிண்ணத்தை ஒரு கையில் வைத்துக்கொண்டு, மறுகையால் நெத்திலிக் கருவாடு போட்டுக்கொண்டிருந்தார்.

“அத்தை, தினமும் போடுறீங்களா?”

“தினமும் எங்கம்மா? என்னைக்காவது. பச்சப்புள்ள மாதிரி கத்துது, பார்த்துக்கிட்டு எப்படி இருக்கிறது?”

அந்த ‘என்னைக்காவது’தான் மொத்தக் கோளாறும். தினமும் கொடுத்திருந்தால்கூட, நிறுத்தும்போது அவனுக்குச் சீக்கிரம் புரிந்திருக்கும். எப்போதாவது கிடைக்கும் என்றால் பூனை விடவே விடாது. நாற்பது நிமிடம் கத்தினால் ஒரு நாள் கருவாடு நிச்சயம் என்பது அதன் கணக்கு. ஆகவே இதைத் தொடங்குவதற்கு முன் வீட்டில் எல்லாரையும் உட்கார வைத்துப் பேசிவிடுங்கள். ஒருவர் கசிந்தாலும் வேலைக்கு ஆகாது. இன்னொன்று, நிறுத்தியதும் முதலில் கத்தல் அதிகமாகும். கதவைப் பிறாண்டும், மேஜையிலிருந்து எதையாவது தள்ளிவிடும். அந்த நேரத்தில் மனம் இளகி எழுந்தீர்களோ, இனிமேல் இவ்வளவு சத்தம் போட்டால்தான் வேலை நடக்கும் என்று அது பாடம் படித்துவிடும்.

கண்டுகொள்ளாமல் இருப்பது மட்டும் போதாது, ராத்திரியையும் மாற்ற வேண்டும். பூனைக்கு ஒரு வரிசை உண்டு: துரத்தணும், பிடிக்கணும், தின்னணும், நக்கிச் சுத்தம் செய்துகொள்ளணும், தூங்கணும். அந்த வரிசையை நாமே நடத்திவிடலாம். மெஷினை மூடியதும், பத்து மணி வாக்கில், ஒரு மூங்கில் குச்சியில் இரண்டு விரல் அகலத்துக்குத் துணிப்பட்டை கட்டித் தரையில் இழுப்பேன். மூஞ்சிக்கு நேராக ஆட்டக் கூடாது. எந்த எலியும் பூனை வாய்க்கு நேரே வந்து ஆடாது. கதவு இடுக்கில் ஒளிந்து, நின்று, சட்டென்று ஓட வேண்டும். பத்துப் பதினைந்து நிமிடம் போதும். கடைசியில் நன்றாகப் பிடிக்க விட்டுவிட்டு, உடனே ராச் சாப்பாடு. லேசர் விளக்கை நான் தொடுவதில்லை, பிடிக்க ஒன்றுமே இல்லாத வேட்டை அது. பூனைக்கு வெறிதான் ஏறும். காலைச் சாப்பாட்டை நான் எழுந்த உடனே போடாமல், பல் தேய்த்து, டீ குடித்து, அரை மணி கழித்துப் போட ஆரம்பித்தேன். என் விழிப்புக்கும் அவன் தட்டுக்கும் இருந்த முடிச்சு அவிழ்ந்தது. அத்தை சத்தியம் செய்துகொடுத்த நாளிலிருந்து எண்ணினால் பத்தொன்பதாம் நாள் நான் அலாரம் வைத்து எழுந்தேன்.

பகல் வேலைக்கும் இதே வழிதான். அவன் கேட்டபின் கொஞ்சினால் கேட்பது கூடும். ஆகவே மெஷினைத் திறப்பதற்கு முன்பே, அவன் கேட்காமலே, நானாகக் கூப்பிட்டுப் பத்து நிமிடம் கன்னம், தாடை, நெற்றி எல்லாம் சொறிந்துவிடுவேன். அங்கேதான் வாசனைச் சுரப்பிகள்; உரசி உரசித் தன் வாசனையை நம் மேல் பூசிக்கொள்வதில் பூனைக்கு ஒரு நிம்மதி. வேலை நடுவே வந்து கத்தினால் திரும்பிப் பார்க்க மாட்டேன், திட்டவும் மாட்டேன். திட்டுவதும் அதற்கு ஒரு கவனிப்புதான். சத்தமில்லாமல் வந்து உட்கார்ந்தால் மட்டும் அந்த நிமிடமே ஒரு தடவல்.

அடுத்தது இடம். விரித்த துணி மேல் படுப்பது துணிக்காக இல்லை. என் கண்ணும் கையும் அங்கே இருக்கின்றன, அதனால் படுக்கிறான். தூக்கித் தூக்கிக் கீழே விடுவது அவனுக்கு விளையாட்டாகிவிட்டது. பிறகு மேஜையின் இடது ஓரத்தில், கத்தரி போகாத பக்கம், காய்கறிக் கூடை ஒன்றைக் கவிழாமல் கட்டி, நான் ஒரு நாள் உடுத்திய துவைக்காத பழைய காட்டன் சேலையை அதில் மடித்துப் போட்டேன். துவைத்ததைப் போட்டால் படுக்க மாட்டான், வாசனை வேண்டும். கூடைக்குள் இருந்தால் தடவல், துணி மேல் வந்தால் ஒன்றுமில்லை. கூடை தரையில் இருந்தபோது திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. உயரத்தில், என் முகம் தெரியும் இடத்தில் வைத்த பிறகுதான் ஏறினான். இப்போது அங்கிருந்து என்னைப் பார்த்துக் கண்ணை மெல்ல மூடித் திறப்பான், நானும் அதே மாதிரி செய்வேன். பூனை பாஷையில் அது நல்ல பேச்சு. 2020-இல் இங்கிலாந்தில் இதைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். மனிதர் மெல்லக் கண் மூடிக் காட்டினால் பூனையும் திருப்பிக் காட்டுகிறது, கிட்டவும் வருகிறது.

நாய்க்கு ஆள், பூனைக்கு வீடு என்று அத்தை சொல்வார், பூனை ஆளோடு ஒட்டாது என்று அர்த்தம். அது அப்படியில்லை. 2019-இல் அமெரிக்காவில் ஒரிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் குட்டிகளை வைத்து ஒரு சோதனை நடந்தது. வளர்ப்பவர் இரண்டு நிமிடம் அறையை விட்டுப் போய்த் திரும்பி வருவார். 64 சதவீதக் குட்டிகள் அவரைப் பார்த்ததும் நிம்மதியாகி, கொஞ்சம் உரசிவிட்டு, மறுபடி அறையைச் சுற்றிப் பார்க்கக் கிளம்பிவிட்டன. மற்றவற்றில் சில ஆளை விடாமல் ஒட்டிக்கொண்டன, சில கிட்டவே வரவில்லை. இதைப் படித்த பிறகுதான் எனக்கு ஒன்று உறைத்தது. பாபின் ஒட்டிக்கொண்டு திரிவதைப் பாசம் அதிகம் என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். அதில் பாதி பயம். நான் எப்போது வருவேன், எப்போது போவேன் என்று தெரியாத பயம். சாப்பாடும் விளையாட்டும் ஒரே நேரத்துக்கு நடக்க ஆரம்பித்ததும் பயம் குறைந்தது, நச்சரிப்பும் குறைந்தது.

தையல், பின்னல் வேலை உள்ள வீட்டுக்கு ஒரு எச்சரிக்கை. போன தீபாவளிக்கு முந்தின வாரம், ஆர்டர் மலைபோல் குவிந்திருந்த நேரம். கொக்கி அமைதியாக இருக்கிறாளே என்று திரும்பிப் பார்த்தேன். வாயிலிருந்து ஒரு விரல் நீளத்துக்கு அரக்கு நூல் தொங்கியது. மீதி உள்ளே. பூனை நாக்கில் உள்நோக்கி வளைந்த முட்கள் இருக்கின்றன. வாய்க்குள் போன நூலைத் துப்பவும் அதற்குச் சிரமம், உள்ளேதான் போகும். கை தானாக இழுக்கப் போனது. நல்லவேளை இழுக்கவில்லை. மறுமுனை குடலில் மாட்டியிருந்தால், இழுத்த இழுப்பில் நூல் குடலையே அறுத்துவிடுமாம். நூலில் ஊசி இருந்திருக்கவும் கூடும். அப்படியே கூடையில் வைத்து ஆட்டோ பிடித்து டாக்டரிடம் போனோம். நூல் குடல்வரை போகவில்லை, தப்பித்தாள். பின்பக்கம் நூல் தொங்கினாலும் இதேதான், இழுக்கக் கூடாது, வெட்டக் கூடாது. அன்றிலிருந்து நூல்கண்டு, மெஷினில் நூல் சுற்றிப் போடும் பாபின், ஊசி எல்லாம் முறுக்கு டப்பாவில், மூடி போட்டு. விளையாட்டுக் குச்சியும் ஆட்டம் முடிந்ததும் பீரோவுக்குள். பூனை அமைதியாக இருந்தால் எழுந்து போய்ப் பாருங்கள்.

குட்டி வளர்ப்பவர்கள் கையை விளையாட்டுப் பொருளாக்காதீர்கள். ஒன்றரை மாதத்தில் விரலைக் கடிப்பது அழகு. அதே பல் ஒரு வயதில் சதையைக் கிழிக்கும். கடித்தால் கத்தாமல், கையைப் பிடுங்காமல், அசைக்காமல் நிறுத்தி, விட்டதும் எழுந்து போய்விடுங்கள். ரத்தம் வந்தால் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவி, மருத்துவமனைக்குப் போங்கள். வெறிநாய்க்கடி ஊசி பூனைக்கடிக்கும் உண்டு, அரசு மருத்துவமனையில் இலவசம். பூனைக்கும் மூன்று மாதத்தில் அந்தத் தடுப்பூசியைப் போட்டுவிடுங்கள்.

துணைக்கு இன்னொன்று வளர்த்தால் சரியாகுமா என்று கேட்பார்கள். இரண்டு குட்டிகளை ஒன்றாக எடுத்தால் நல்லது, ஒன்றையொன்று களைப்பாக்கிக்கொள்ளும். வளர்ந்த பூனைக்குத் துணை தேடுவது லாட்டரி. கொக்கி வந்தபோது பாபின் ஒரு மாதம் பீரோ மேலேயே குடியிருந்தான். இரண்டு பேரையும் தனித்தனி அறையில் வைத்து, துணி மாற்றி வாசனை பழக்கி, கதவு இடுக்கில் சாப்பாடு வைத்து, அப்புறம்தான் முகம் பார்க்க விட்டேன். மணல் தட்டு இரண்டு பூனைக்கு மூன்று.

வெளியூர்க் கல்யாணத்துக்கு இரண்டு நாள் போவதென்றால் பூனையைத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். வீட்டிலேயே விட்டு, பழகிய ஒருவரை இரண்டு வேளையும் வரச் சொல்லுங்கள். கிளம்பும்போது கட்டிப்பிடித்து அழுது விடைபெறும் கூத்தெல்லாம் வேண்டாம். செருப்பை மாட்டு, கதவைப் பூட்டு, அவ்வளவுதான்.

முடி உதிர்வதற்கு மருந்து இல்லை. ஒருநாள் விட்டு ஒருநாள் சீப்புப் போடுங்கள். தைத்து முடித்த பட்டு ஜாக்கெட்டைக் கொடுப்பதற்கு முன் கையில் செலோடேப்பைத் தலைகீழாகச் சுற்றி ஒற்றி எடுத்து, வாசல் வெயிலில் ஒரு தடவை திருப்பிப் பாருங்கள். மாம்பழ மஞ்சள் பட்டில் பாபின் முடி வீட்டு விளக்குக்குத் தெரியவே தெரியாது. கல்யாண மேடை லைட்டுக்குத்தான் தெரியும்.