இயற்கை லேட்டக்ஸ் மெத்தை: தோட்டப்புறத்துக்காரர்களே ஏமாறும் இடங்கள்

பால் மரம் சீவிய குடும்பத்தில் பிறந்தவர்களுக்கு ரப்பரைப் பற்றி யாரும் பாடம் எடுக்க வேண்டாம் என்று நமக்கு ஒரு நினைப்பு. மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் ஐம்பது வயது தாண்டிய யாரைக் கேட்டாலும் மங்கு, வாளி, ஒட்டுப்பால் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார்கள். பக்கத்துக் கோலகங்சாரில் 1877-இல் நட்ட ரப்பர் மரங்களில் ஒன்று மாவட்ட அலுவலகத்துக்கு அருகில் இன்றும் நிற்கிறது. அந்தத் தெம்பில்தான் மெத்தைக் கடைக்குள் நுழைகிறோம். ‘இயற்கை லேட்டக்ஸ்’ என்று அட்டையில் போட்டிருந்தால், நம் மரத்துப் பால்தானே என்று காசை எடுத்துக் கொடுத்துவிடுகிறோம்.

முதல் தவறு அங்கேயே நடந்துவிடுகிறது. தோட்டத்தில் பார்த்த பாலுக்கும் கடையில் இருக்கும் மெத்தைக்கும் நடுவில் ஒரு பெரிய தொழிற்சாலை வேலை இருக்கிறது. மரத்திலிருந்து இறங்கும் பாலில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் ரப்பர், மிச்சமெல்லாம் பெரும்பாலும் தண்ணீர். அது உறைந்துபோகாமல் இருக்க அம்மோனியா கலந்து, இயந்திரத்தில் சுழற்றி, ரப்பர் 60 விழுக்காடு வரும்வரை கெட்டியாக்குகிறார்கள். அப்புறம் கந்தகம், துத்தநாக ஆக்சைடு போன்றவற்றைச் சேர்த்து, கேக்குக்கு முட்டை அடிப்பதுபோல் நுரை பொங்க அடித்து, அச்சில் ஊற்றி, ஆவியில் வேகவைக்கிறார்கள். மெத்தை முழுக்கத் தெரியும் குச்சி குச்சியான ஓட்டைகள் அலங்காரத்துக்கு வந்தவை அல்ல. அச்சுக்குள் நிற்கும் உலோகக் குச்சிகள் வெப்பத்தை நடுப்பகுதிவரை கொண்டுபோன தடம் அவை. பிற்பாடு காற்றோட்டத்துக்கும் உதவுகின்றன.

இதைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ‘100% இயற்கை’ என்பதை எழுத்துக்கு எழுத்து நம்பக் கூடாது. கந்தகமும் மற்றதும் சேராமல் அந்த நுரை மெத்தையாக நிற்காது. ஆகவே கடைக்காரர் 100 என்று சொல்லும்போது, ‘உள்ளே இருக்கும் ரப்பர் முழுவதும் மரத்திலிருந்து வந்தது, பெட்ரோலியத்திலிருந்து செய்த செயற்கை ரப்பர் கலக்கவில்லை’ என்பதுதான் அதிகபட்ச அர்த்தம். அதையாவது உறுதியாகச் சொல்கிறாரா என்று பாருங்கள். செயற்கை ரப்பர் கலந்த மெத்தையும் சந்தையில் நிறைய உண்டு. அதில் படுத்தால் ஒன்றும் ஆகிவிடாது. ஆனால் கலப்படத்துக்கு அசல் விலை கொடுப்பது எதற்கு?

‘மலேசிய ரப்பர்’ என்ற சொல்லுக்கும் மயங்க வேண்டாம். நம்மைச் சுற்றி ரப்பர் காடாக இருந்த இடமெல்லாம் செம்பனை ஆகிப் பல காலம் ஆகிவிட்டது. இங்குள்ள தொழிற்சாலைகளுக்குத் தேவைப்படும் கெட்டிப்பாலில் பெரும்பகுதி தாய்லாந்து போன்ற நாடுகளிலிருந்துதான் இறங்குகிறது. அதில் குறை ஒன்றுமில்லை, பால் பால்தான். விலை ஏற்றுவதற்கு அது ஒரு காரணமாகாது என்பதுதான் விஷயம்.

ஜிப்பைத் திறக்கச் சொல்லுங்கள்

நம்மவர்கள் அதிகமாக ஏமாறுவது இதில்தான். மேலே ஒன்று இரண்டு அங்குலம் லேட்டக்ஸ், கீழே எட்டு அங்குலம் சாதாரண ஸ்பாஞ்சோ ஸ்பிரிங்கோ. பெயர் மட்டும் ‘லேட்டக்ஸ் மெத்தை’. கையால் அமுக்கிப் பார்த்தால் மேல் அடுக்கு மட்டும்தான் கைக்குத் தெரியும். அது நல்ல லேட்டக்ஸாகவே இருக்கும், சந்தேகமே வராது. ஸ்பிரிங் மெத்தைக்கு மேல் லேட்டக்ஸ் வைப்பது குற்றமல்ல, சிலருக்கு அதுதான் பிடிக்கும். ஆனால் எதை வாங்குகிறோம் என்று தெரிந்து வாங்க வேண்டும்.

கடையில் இது எப்படி நடக்கும் என்று பாருங்கள். தவுக்கே, அதாவது கடை முதலாளி, மெத்தையைத் தட்டி, “இனி லேட்டக்ஸ் அஸ்லி, கக்கா” (இது அசல் லேட்டக்ஸ், அக்கா) என்று மலாயில் சொல்வார். நீங்கள் சிரித்துக்கொண்டே, “போலே புக்கா ஜிப்?” (ஜிப்பைத் திறக்கலாமா?) என்று கேளுங்கள். நல்ல மெத்தை விற்பவர் தயங்க மாட்டார். உறையின் ஓரத்தில் ஜிப்பை இழுத்தால் உள்ளே இளமஞ்சள் கலந்த பாலாடை நிறம் தெரியும், ஓட்டைகள் மேலிருந்து கீழ்வரை வரிசையாக இருக்கும். விரலால் ஓரத்தைக் கிள்ளி விட்டால் சட்டென்று பழைய நிலைக்கு வந்துவிடும். பெரிய மெத்தையில் இரண்டு துண்டுகளைப் பசை போட்டு ஒட்டிய கோடு தெரியலாம், அது சகஜம். பக்கவாட்டில் பாருங்கள்: எத்தனை அடுக்கு, ஒவ்வொன்றும் எத்தனை சென்டிமீட்டர், நடுவில் நிறம் மாறுகிறதா. கட்டை விரலால் கொஞ்சம் அழுத்தித் தேய்த்தால் வெள்ளைத் தூள் உதிர்ந்தால், சுண்ணாம்புத் தூள் மாதிரி ஏதோ நிரப்பியிருக்கிறார்கள் என்று சந்தேகப்படலாம். அப்படி நிரப்பிய மெத்தை சீக்கிரம் பொடிந்துவிடும்.

ஜிப்பே இல்லாமல் நாலு பக்கமும் தைத்து மூடிய மெத்தை என்றால்? வெட்டிக் காட்டிய மாதிரித் துண்டு இருக்கிறதா என்று கேளுங்கள். அதுவும் இல்லையென்றால் எடை என்ன என்று கேளுங்கள். எடை சொல்லும் செய்தியை விற்பனையாளரின் வாய் மாற்ற முடியாது.

கணக்கு எளிதுதான். இயற்கை லேட்டக்ஸின் அடர்த்தி சாதாரணமாக ஒரு கன மீட்டருக்கு 65 முதல் 90 கிலோ வரை இருக்கும். நம் நாட்டுக் குவீன் அளவு 152 சென்டிமீட்டருக்கு 190. பருமன் 15 சென்டிமீட்டர் என்றால் 1.52, 1.90, 0.15 மூன்றையும் பெருக்குங்கள், 0.43 கன மீட்டர் வரும். அடர்த்தி 80 என்றால் எடை கிட்டத்தட்ட 35 கிலோ. குறைந்தபட்சம் 28 கிலோவாவது இருக்க வேண்டும். அதே அளவு மெத்தையை ஒரு பையன் தனியாகத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு லாரிக்கு நடக்கிறான் என்றால், உள்ளே இருப்பது முழு லேட்டக்ஸ் இல்லை. ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள். எடை குறைந்தால் அது முழு லேட்டக்ஸ் இல்லை என்று துணிந்து சொல்லலாம். எடை கூடியிருந்தால் உடனே அசல் என்று சொல்லிவிட முடியாது, நிரப்புத் தூளும் எடை போடும்.

முத்திரைகளைப் பார்த்து மயங்குவது

மெத்தையின் மூலையில் நாலைந்து முத்திரை தைத்திருக்கும். ஒவ்வொன்றும் வெவ்வேறு சங்கதியைச் சொல்கிறது. ஓகோ-டெக்ஸ் ஸ்டாண்டர்ட் 100 என்பது உடம்புக்குக் கெடுதலான ரசாயனங்கள் வரம்புக்குள் இருக்கின்றனவா என்று சோதிப்பது. முழுச் செயற்கைத் துணிக்கும் அது கிடைக்கும். ஆகவே ‘இயற்கைதான்’ என்பதற்கு அதை ஆதாரமாகக் காட்டினால் ஒத்துக்கொள்ளாதீர்கள். கோல்ஸ் (GOLS) என்று சுருக்கமாகச் சொல்லும் கரிம (ஆர்கானிக்) லேட்டக்ஸ் தரச்சான்றுக்கு, உள்ளே இருக்கும் லேட்டக்ஸ் 95 விழுக்காட்டுக்கு மேல் சான்று பெற்ற கரிமத் தோட்டத்திலிருந்து வந்திருக்க வேண்டும். அது கடுமையான சான்று, அதற்கேற்ற விலையும் உண்டு. எல்லாருக்கும் அது தேவை என்று நான் நினைக்கவில்லை. முத்திரையில் ஒரு எண் இருக்கும், அதைச் சான்று கொடுத்தவர்களின் வலைத்தளத்தில் போட்டால் அந்தச் சான்று எந்தப் பொருளுக்கு என்று தெரியும். மெத்தையின் உறைத் துணிக்கு வாங்கிய சான்றை முழு மெத்தைக்கும் காட்டுவது ஒரு பழைய தந்திரம்.

டன்லப் முறையா, தலாலே முறையா என்று விற்பனையாளர் அரை மணி நேரம் பேசுவார். டன்லப் முறை 1929-இல் இங்கிலாந்தில் வந்தது, மேலே நான் சொன்ன நுரை அடிக்கும் வழி அதுதான். தலாலேயில் அச்சுக்குள் காற்றை உறிஞ்சி, உறையவைத்து, அப்புறம் வேகவைக்கிறார்கள். ஒரே சீரான, கொஞ்சம் மெத்தென்ற மெத்தை கிடைக்கும், விலை கூடும். நம் பக்கத்துக் கடைகளில் பெரும்பாலும் டன்லப்தான். இதில் மண்டையை உடைத்துக்கொள்ளாமல் படுத்துப் பாருங்கள்.

படுத்துப் பார்ப்பது என்றால் ஓரத்தில் உட்கார்ந்து இரண்டு தடவை குதிப்பது அல்ல. செருப்பைக் கழற்றிவிட்டு, வீட்டில் எப்படிப் படுப்பீர்களோ அப்படியே பத்துப் பதினைந்து நிமிடம் படுங்கள். ஒருக்களித்துப் படுப்பவர் தோளும் இடுப்பும் சற்று இறங்க வேண்டும், முதுகெலும்பு வளையக் கூடாது. கணவன் மனைவி இரண்டு பேரும் ஒன்றாகப் படுத்துப் பார்க்க வேண்டும். எண்பது கிலோ ஆளுக்கு இதமாக இருக்கும் மெத்தை ஐம்பது கிலோ ஆளுக்குப் பலகையாகத் தெரியும். கடையில் வெட்கமாக இருக்கும்தான். ஆயிரக்கணக்கில் வெள்ளி (ரிங்கிட்) கொடுக்கப்போவது நாம், வெட்கத்தைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள்.

முதுகுவலிக்காரர்களுக்கு ஒரு விசேஷத் தவறு உண்டு. ‘கட்டாந்தரை மாதிரி கெட்டியாக இருந்தால்தான் முதுகுக்கு நல்லது’ என்று பெரியவர்கள் சொல்லிச் சொல்லி நமக்கு ஊறிப்போய்விட்டது. நாள்பட்ட இடுப்புவலி உள்ள 313 பேரை வைத்து ஸ்பெயினில் செய்த ஆய்வு 2003-இல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. அதில் மிகக் கெட்டியான மெத்தையில் படுத்தவர்களைவிட நடுத்தரக் கெட்டியில் படுத்தவர்களுக்குத்தான் வலி அதிகம் குறைந்தது. ஆகவே கடையில் இருப்பதிலேயே கெட்டியானதைக் காட்டுங்கள் என்று கேட்காதீர்கள். கையுறை போட்டால் தடிப்பு வரும் ரப்பர் ஒவ்வாமைக்காரர் வீட்டில் இருந்தால், மருத்துவரைக் கேட்காமல் வாங்கவே வேண்டாம்.

அளவும் ஹாட்யாய் பஸ்ஸும்

விடுமுறைக்கு எல்லை தாண்டித் தாய்லாந்தின் ஹாட்யாய் நகருக்குப் போகும் சுற்றுலா பஸ் லேட்டக்ஸ் கடையில் நிற்காமல் திரும்புவது அபூர்வம். தலையணை வாங்கலாம், தப்பில்லை. மெத்தை வாங்குவதற்கு முன் வீட்டுக் கட்டிலை அளந்து கையில் வைத்திருங்கள். நம் மெத்தைகள் 190 சென்டிமீட்டர் நீளம், அங்கே பல மெத்தைகள் 200. பத்து சென்டிமீட்டர்தானே என்று தோன்றும். கட்டிலின் கால்மாட்டுப் பலகையில் அது முட்டி, நடுவில் புடைத்துக்கொண்டு நிற்கும்போதுதான் தெரியும். பழுதானால் எல்லை தாண்டித் திருப்பிக் கொடுப்பதும் நடக்கிற காரியம் இல்லை.

வீட்டுக்கு வந்தபின்

இலவம்பஞ்சு மெத்தைக்குப் பழகிய கை சும்மா இருக்காது. வெயில் அடித்தால் மெத்தையைத் தூக்கி வாசலில் காயப்போடத் தோன்றும். லேட்டக்ஸை அப்படிச் செய்தால் கெட்டது. வெயிலும் காற்றில் உள்ள ஆக்சிஜனும் சேர்ந்து ரப்பரைப் பழுப்பாக்கி, வறட்டி, பொடிய வைக்கும். மரத்தில் காய்ந்து கிடக்கும் பழைய ஒட்டுப்பாலைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். உறையை மட்டும் கழற்றித் துவைத்து வெயிலில் போடுங்கள். மெத்தையை நிழலில், ஜன்னலைத் திறந்து வைத்துக் காற்றாட விடுங்கள். புது மெத்தையின் வாசமும் நாலைந்து நாளில் இப்படியே குறைந்துவிடும்.

எண்ணெயும் ரப்பருக்கு ஆகாது. தலை நிறைய தேங்காய் எண்ணெய் தேய்த்துக்கொண்டு லேட்டக்ஸ் தலையணையில் படுத்தால், எண்ணெய் இறங்கிய இடம் உப்பி, பிசுபிசுத்துப் பலம் இழந்துபோகும். பாட்டியை எண்ணெய் வைக்காதே என்று சொல்ல முடியுமா? தலையணைக்குக் கெட்டியான உறை இரண்டு போட்டுவிடுங்கள்.

நம் ஊர் ஈரத்துக்கு, முழுப் பலகை அடித்த கட்டிலும் சிமெண்டுத் தரையும் மெத்தைக்கு எதிரி. அடியில் காற்றுப் போகாமல் பூஞ்சை பிடித்துவிடும். சட்டம் போட்ட கட்டில் நல்லது, சட்டங்களுக்கு நடுவே இடைவெளி ஏழெட்டு சென்டிமீட்டருக்கு மேல் போகக் கூடாது, போனால் லேட்டக்ஸ் அதற்குள் தொங்க ஆரம்பிக்கும். முப்பது நாற்பது கிலோ தாங்கும் கட்டிலா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

ரசீது

உத்தரவாதம் 10 வருடம், 15 வருடம் என்று பெரிய எழுத்தில் இருக்கும். எத்தனை சென்டிமீட்டர் குழி விழுந்தால் மாற்றித் தருவார்கள், உறையில் கறை பட்டால் உத்தரவாதம் போய்விடுமா, ஏற்றி இறக்கும் செலவு யாருடையது என்பதெல்லாம் சின்ன எழுத்தில் இருக்கும். அதைக் கடையிலேயே படித்துவிடுங்கள். ரசீதில் ‘மெத்தை 1’ என்று மட்டும் எழுதிக் கொடுத்தால் வாங்காதீர்கள். ‘முழு இயற்கை லேட்டக்ஸ், பருமன் 15 சென்டிமீட்டர், செயற்கை ரப்பர் கலக்கவில்லை’ என்று எழுதி முத்திரை போடச் சொல்லுங்கள். எழுத மறுக்கும் கடையை விட்டு நடையைக் கட்டலாம்.

எழுதிக் கொடுத்தபின் உள்ளே ஸ்பாஞ்சு இருந்தது தெரிந்தால், உள்நாட்டு வாணிப, வாழ்க்கைச் செலவின அமைச்சின் கீழ் இருக்கும் பயனீட்டாளர் நடுவர் மன்றத்துக்குப் போகலாம். 1999-ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தில் அமைந்தது அது. 50,000 வெள்ளி வரை வழக்குத் தொடுக்கலாம், கட்டணம் 5 வெள்ளி, வழக்கறிஞர் வைக்கத் தேவையில்லை. உங்கள் பக்கத்து ஆதாரமாக அங்கே மேசையில் வைக்கப்போவது அந்த ரசீதும், ஜிப்பைத் திறந்து எடுத்த நாலு படமும்தான்.