லப்டொப் பற்றரியைச் சார்ஜ் செய்யும் முன்: உங்கள் மொடலின் கையேட்டைத் தேடி எடுப்பது எப்படி?

எந்நேரமும் சார்ஜில் போட்டு வைக்கலாமா? முதல் தடவை எட்டு மணித்தியாலம் ஏற்ற வேண்டுமா? போன் சார்ஜரைக் குத்தினால் பழுதாகிவிடுமா? திருகோணமலை கோணேசபுரி கம்பஸ் பிள்ளைகளிலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் வரை, புதிதாக லப்டொப் வாங்குகிற எல்லாரும் கேட்கிற கேள்விகள் இவை. பதில் சொல்பவர் கடைக்காரராகவோ மச்சானாகவோ இருப்பார். அவர் தன்னுடைய மெஷினுக்குச் சரிவந்ததைச் சொல்வார். அது உங்களுடையதற்கும் சரிவர வேண்டும் என்று இல்லை.

உங்கள் மொடலுக்கென்றே எழுதிய பதில், அதைச் செய்த கொம்பனி வெளியிட்ட பயனர் கையேட்டில் இருக்கிறது. அதற்குக் காசும் இல்லை. ஆகவே முதலில் கையேட்டை எடுப்போம். சார்ஜிங்கைப் பிறகு பார்ப்போம்.

படி 1: மெஷினின் முழுப் பெயர்

திரைக்குக் கீழே எழுதியிருக்கும் பெயர் போதாது. பவிலியன், இன்ஸ்பிரோன், ஐடியாபேட் என்பவை குடும்பப் பெயர்கள். ஒரே பெயரில் வருடாவருடம் வெவ்வேறு மெஷின்கள் வருகின்றன. ஒன்றின் பற்றரி மற்றதற்குப் பொருந்தாது. ஒன்றில் யூஎஸ்பி-சி துளை வழியாகச் சார்ஜ் ஏறும், மற்றதில் ஏறாது.

லப்டொப்பை நிறுத்தி, சார்ஜரைக் கழற்றி, ஒரு துவாயை விரித்து அதன்மேல் கவிழ்த்து வையுங்கள். அடிப்பக்கத்தில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும், அல்லது பிளாஸ்டிக்கிலேயே சின்ன எழுத்தாகப் பொறித்திருக்கும். டெல் என்றால் 'சேர்விஸ் டேக்' என்று ஏழு எழுத்தும் இலக்கமும் கலந்த ஒரு குறியீடு. எச்பி என்றால் 'புரொடக்ட் நம்பர்'. லெனோவோவில் சீரியல் நம்பரோடு 'எம்டிஎம்' என்ற வரியையும் பாருங்கள், ஏசஸில் மொடல் நம்பரைப் பாருங்கள். எழுத்து பொடிப்பொடியாக இருப்பதால் போனில் படம் எடுத்துப் பெரிதாக்கிப் பார்ப்பது நல்லது. பூச்சியமா 'ஓ'வா, எட்டா 'பி'யா என்று குழம்புகிற இடம் இதுதான். அந்தப் படத்தை அழிக்காமல் வைத்திருங்கள், கடைசியில் பற்றரி வாங்கும்போதும் தேவைப்படும்.

நம் ஊர் வியர்வைக்கும் ஈரக் காற்றுக்கும் ஸ்டிக்கர் அழிந்துபோயிருக்கலாம். கவலை இல்லை. விண்டோஸில் ஸ்டார்ட்டை அழுத்தி 'சிஸ்டம் இன்ஃபர்மேஷன்' என்று தேடித் திறந்தால் 'சிஸ்டம் மொடல்' என்ற வரியில் பெயர் வரும். பல எச்பி மெஷின்களில் எஃப்என் விசையோடு எஸ்கேப்பை அழுத்தினாலே விவரம் திரைக்கு வந்துவிடும். மக்புக்கில் மூலையிலுள்ள அப்பிள் அடையாளத்தைத் தட்டி 'அபவுட் திஸ் மக்' என்பதைப் பாருங்கள்.

படி 2: கையேட்டை இறக்குவது

கூகுளில் கொம்பனியின் பெயரையும் 'சப்போர்ட்' என்ற சொல்லையும் சேர்த்துத் தேடுங்கள். மேலே வருகிற முதல் ஒன்றிரண்டு விளம்பரமாக இருக்கலாம், கண்ணை மூடிக்கொண்டு தட்டக் கூடாது. முகவரியில் 'டொட் கொம்' என்பதற்கு ஒட்டி முன்னால் கொம்பனியின் பெயர் மட்டும் இருக்கிறதா என்று பாருங்கள். புள்ளி வைத்துப் பிரித்து முன்னால் 'சப்போர்ட்' என்று வருவது சரி. புள்ளி இல்லாமல் கொம்பனியின் பெயரோடு வேறு சொல் ஒட்டியிருந்தால் அது அவர்களுடைய தளம் அல்ல. கையேடு தருகிறோம் என்று காசு கேட்கிற தளங்களும், முதலில் ஒரு மென்பொருளைப் போடச் சொல்லுகிற தளங்களும் ஏராளம். அவற்றை விட்டுவிட்டு வெளியே வந்துவிடுங்கள்.

சரியான தளத்தில் நீங்கள் குறித்துக்கொண்ட நம்பரைக் கொடுத்ததும் உங்கள் மெஷினுக்கான பக்கம் திறக்கும். அங்கே 'மனுவல்ஸ்' அல்லது 'டொக்கியுமென்டேஷன்' என்று ஒரு பகுதி இருக்கும். 'டிரைவர்ஸ்' பக்கத்தை இப்போது தொட வேண்டாம்.

அந்தப் பகுதியில் பல கோப்புகள் கிடக்கும், எது எதற்கு என்று தெரியாமல் பலர் இந்த இடத்தில்தான் திரும்பிவிடுகிறார்கள். 'செட்டப் கைட்' அல்லது 'குயிக் ஸ்டார்ட்' என்பது பெட்டிக்குள் வருகிற மெல்லிய தாள்தான், அதில் படம் மட்டும் இருக்கும். 'யூசர் கைட்' என்பதே நமக்கு வேண்டியது. 'சேர்விஸ் மனுவல்' அல்லது 'மெயின்டெனன்ஸ் கைட்' என்பது மெஷினைக் கழற்றுகிறவர்களுக்கு. ஆனால் அதையும் இறக்கி வையுங்கள் என்பேன். பற்றரியின் பாக நம்பர் பெரும்பாலும் அதில்தான் இருக்கும். டெல், எச்பி, லெனோவோ மூன்றும் இதை எவரும் பார்க்கலாம் என்று திறந்தே வைத்திருக்கின்றன.

இறக்கிய கோப்பைப் போனிலும் சேமியுங்கள். லப்டொப் உயிர்வராத நேரத்தில்தான் கையேடு அவசரமாகத் தேவைப்படும், அந்த நேரத்தில் அது லப்டொப்புக்குள் கிடந்து என்ன பயன்?

படி 3: எந்தப் பக்கங்களைப் படிப்பது?

முழுவதையும் படிக்கத் தேவையில்லை. கோப்பைத் திறந்து கொன்ட்ரோல் விசையோடு எஃப்பை அழுத்தினால் தேடல் பெட்டி வரும். பற்றரி, சார்ஜிங், அடப்டர், இன்டிகேட்டர் என்ற நான்கு சொற்களை ஆங்கிலத்தில் ஒவ்வொன்றாகத் தேடிப் பாருங்கள். ஆங்கிலம் சிரமமாக இருந்தால் போனில் கூகுள் லென்ஸைப் பக்கத்துக்கு நேரே பிடித்துத் தமிழுக்கு மாற்றலாம். வசனம் கொஞ்சம் கோணலாக வந்தாலும் விஷயம் விளங்கும்.

நீங்கள் தேடுவது இவ்வளவுதான்: எத்தனை வொட் சார்ஜர், எந்தத் துளையில் குத்துவது, லைட்டின் நிறத்துக்கு என்ன அர்த்தம், எத்தனை பாகை வெப்பம் வரை பாவிக்கலாம். லைட்டின் நிறம் கொம்பனிக்குக் கொம்பனி மாறும். பல எச்பி மெஷின்களில் ஆரஞ்சு நிறம் என்றால் சார்ஜ் ஏறுகிறது, வெள்ளை என்றால் நிறைந்துவிட்டது. இன்னொரு கொம்பனியில் அதே ஆரஞ்சு ஒரு பிழையைச் சொல்லலாம். இதை ஊகிக்க முடியாது.

படி 4: சார்ஜரை வாசிப்பது

சார்ஜர் கட்டியைத் திருப்பிப் பாருங்கள். 'இன்புட்' என்ற வரியில் 100 முதல் 240 வோல்ட் வரை என்று போட்டிருக்கும். நம் நாட்டுக் கரண்ட் 230 வோல்ட், ஆகவே வெளிநாட்டிலிருந்து உறவினர் கொண்டுவந்த சார்ஜரும் பிளக்கை மட்டும் மாற்றினால் வேலை செய்யும். முக்கியமான வரி 'அவுட்புட்'. அதில் 20 வோல்ட், 3.25 அம்பியர் என்று இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இரண்டையும் பெருக்கினால் 65 வொட்.

மாற்றுச் சார்ஜர் வாங்கும்போது உருண்டைப் பின் உள்ள பழைய வகை என்றால் வோல்ட் கையேட்டில் உள்ளபடியே இருக்க வேண்டும். அம்பியர் கூடலாம், குறையக் கூடாது. அம்பியர் கூடினால் மெஷின் எரிந்துவிடும் என்று சொல்வார்கள். அப்படி இல்லை, மெஷின் தனக்கு வேண்டிய அளவைத்தான் இழுக்கும். அப்புறம், பின்னின் தடிப்பும் பொருந்த வேண்டும். கடையில் "தம்பி, இதுக்கு ஒரு சார்ஜர் தாங்க" என்று கேட்பதைவிட, வோல்ட், அம்பியர், மொடல் நம்பர் மூன்றையும் போனில் காட்டிக் கேளுங்கள்.

யூஎஸ்பி-சி வேறு கதை. அதில் சார்ஜரும் லப்டொப்பும் முதலில் தமக்குள் பேசி 5, 9, 15, 20 என்ற வோல்ட்டுகளில் எது என்று முடிவு செய்துகொள்ளும். எனவே நல்ல தரமான போன் சார்ஜரைக் குத்தினால் லப்டொப் பழுதாகாது. ஆனால் 25 வொட் போன் சார்ஜர் 65 வொட் கேட்கிற மெஷினுக்கு எந்த மூலைக்கு? மிக மெதுவாக ஏறும், அல்லது 'ஸ்லோ சார்ஜர்' என்று செய்தி வரும், சிலவற்றில் ஏறவே ஏறாது. எல்லா யூஎஸ்பி-சி துளையிலும் சார்ஜ் ஏறாது என்பதையும் மறக்க வேண்டாம். இரண்டு துளை இருந்தால் எதில் ஏறும் என்பதைக் கையேடு படம் போட்டுக் காட்டும். கேபிளுக்கும் அளவு உண்டு. சாதாரண சி-க்கு-சி கேபிள் 3 அம்பியர், அதாவது 60 வொட் வரைதான் தாங்கும். அதற்கு மேல் வேண்டுமானால் 5 அம்பியர் கேபிள் கேட்டு வாங்க வேண்டும்.

படி 5: சார்ஜ் ஏற்றும் பழக்கம்

இப்போதைய லப்டொப்களில் இருப்பது லிதியம் அயன் வகைப் பற்றரி. 1991 இல் சோனி முதன்முதலாக விற்பனைக்குக் கொண்டுவந்த வகை இது. முழுக்க இறக்கி முழுக்க ஏற்ற வேண்டும், முதல் நாள் எட்டு மணித்தியாலம் போட வேண்டும் என்ற கதையெல்லாம் அதற்கு முந்திய நிக்கல் பற்றரிக் காலத்தது. அந்தப் பற்றரிகளுக்கு அது நியாயம். இதற்கு முழுக்க இறக்குவது கேடு.

80 வீதம் வரை கடகடவென்று ஏறி, பிறகு ஆமை வேகத்தில் போவதைக் கவனித்திருப்பீர்கள். அது பழுதல்ல. முதலில் சார்ஜர் ஒரே அளவு கரண்ட்டை உள்ளே தள்ளும். பற்றரிக்குள் இருக்கும் ஒவ்வொரு செல்லும் தன் உச்ச வோல்ட்டை, பெரும்பாலும் 4.2 அளவை, எட்டியதும் வோல்ட்டை அங்கேயே பிடித்து வைத்துக்கொண்டு கரண்ட்டைச் சிறிது சிறிதாகக் குறைக்கும். அந்த உச்ச வோல்ட்டில் நீண்ட நேரம் நிற்பதுதான் பற்றரியை வயதாக்குகிறது. கூடவே சூடும் சேர்ந்தால் இரட்டைக் கேடு.

இதற்காகவே 80 வீதத்தோடு நிறுத்துகிற வசதியைக் கொம்பனிகள் வைத்திருக்கின்றன. லெனோவோவில் 'வான்டேஜ்' செயலியில் 'கொன்சர்வேஷன் மோட்', ஏசஸில் 'மைஏசஸ்' செயலிக்குள், எச்பியின் பல மெஷின்களில் பயோஸ் திரையில், அதாவது விண்டோஸ் வருமுன் திறக்கிற அமைப்புத் திரையில். உங்கள் மொடலில் எங்கே என்பதற்குத் திரும்பவும் கையேடுதான். எந்நேரமும் பிளக்கில் போட்டு வேலை செய்கிறவர்கள் இதை இன்றைக்கே போட்டுவிடுங்கள். போட்ட பிறகு 'பிளக்ட் இன், நொட் சார்ஜிங்' என்று காட்டினால் பயப்பட வேண்டாம், அது சொன்னபடி நடக்கிறது.

ஆனால் நமக்கு மின்வெட்டு என்று ஒன்று இருக்கிறது. 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் இல்லாமல் இருந்ததை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். மின்வெட்டு அறிவித்திருந்தாலோ, இரவு பஸ்ஸில் கொழும்புக்குப் போவதாக இருந்தாலோ, முதல் நாளே அந்த எல்லையை எடுத்துவிட்டு 100 வரை ஏற்றிக்கொள்ளுங்கள். எப்போதாவது நூறு ஏற்றுவதால் ஒன்றும் குறையாது. பற்றரி நமக்காகத்தான், நாம் பற்றரிக்காக அல்ல.

கரண்ட் போனதும் பிளக்கைக் கழற்றிவிடுங்கள். திரும்பி வந்த பிறகு சில நிமிடம் பொறுத்துக் குத்தினால் வருகிற முதல் அதிர்ச்சியிலிருந்து சார்ஜர் தப்பும். ஐப்பசி கார்த்திகையில் இடி முழங்கத் தொடங்கினாலும் அப்படியே.

சூடு பற்றி இந்த ஊர்க்காரருக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். அப்பிள் தன் மக்புக்குகளைச் சுற்றுப்புறம் 10 முதல் 35 பாகை வரை இருக்கும் இடத்தில் பாவிக்கச் சொல்கிறது. கச்சான் காற்று வீசுகிற மாதங்களில் திருகோணமலை வெளி வெயிலே அந்த 35 ஐத் தாண்டுகிற நாட்கள் உண்டு, தகரக் கூரைக்குக் கீழே கேட்கவே வேண்டாம். மத்தியானத்தில் சார்ஜ் போடுவதை விட்டு, இரவிலோ விடியப்புறத்திலோ ஏற்றுங்கள். மெத்தையிலும் தலையணையிலும் வைத்தால் அடிக்காற்று அடைபட்டுவிடும், மேசைக்கு மாற்றுங்கள். நிலாவெளிக் கடற்கரையில் குளிக்கப் போகும்போது லப்டொப் பையைக் கண்ணாடி மூடிய வாகனத்துக்குள் விட்டுப் போவது எல்லாவற்றிலும் மோசம். பல வாரம் பாவிக்கப் போவதில்லை என்றால் ஏறக்குறைய 50 வீதத்தில் நிறுத்தி, குளிர்ச்சியான அறையில் வையுங்கள்.

படி 6: பற்றரியின் நிலைமையைப் பார்ப்பது

விண்டோஸில் 'கொமாண்ட் புரொம்ப்ட்' என்பதைத் திறந்து, ஆங்கிலத்தில் 'பவர்' என்ற சொல்லையும் அதோடு ஒட்டி சி, எஃப், ஜி என்ற மூன்று எழுத்துகளையும் தட்டுங்கள். ஓர் இடைவெளி விட்டு முன்பக்கம் சாய்ந்த கோடு, அதோடு ஒட்டி 'பற்றரிரிப்போர்ட்' என்று இடைவெளியில்லாமல் ஒரே சொல்லாக. என்டர் அழுத்தியதும் ஓர் அறிக்கை சேமிக்கப்பட்டு, அது இருக்கும் இடமும் திரையில் வரும். பிரவுசரில் திறந்தால் 'டிசைன் கப்பாசிட்டி', 'ஃபுல் சார்ஜ் கப்பாசிட்டி' என்று இரண்டு எண்கள். முதலாவது 45,000, இரண்டாவது 36,000 என்று இருந்தால் பற்றரியில் இன்னும் 80 வீதம் மிச்சம். பாதிக்குக் கீழே போய்விட்டால் புதியது வாங்க யோசிக்கலாம். மக்புக்கில் செட்டிங்ஸுக்குள் பற்றரிப் பகுதியில் 'பற்றரி ஹெல்த்' என்று நேரடியாகவே இருக்கிறது.

இந்த எண்களுக்கெல்லாம் முந்திய அடையாளம் ஒன்று உண்டு. மூடி சரியாக மூடாமல் இருந்தாலோ, டச்பேட் மேலெழும்பி நின்றாலோ, மேசையில் வைக்கும்போது அடிப்பக்கம் ஆடினாலோ பற்றரி வீங்கியிருக்கலாம். உடனே நிறுத்திச் சார்ஜரைக் கழற்றுங்கள். அமத்தக் கூடாது, ஊசியால் குத்தவே கூடாது, தீப்பிடிக்கும். திறந்து எடுக்கும் வேலையைத் தெரிந்தவரிடம் கொடுங்கள். கழற்றிய பற்றரியை வீட்டுக் குப்பையோடு போடாமல் இலத்திரனியல் கழிவு எடுக்கிறவர்களிடம் சேர்ப்பியுங்கள்.

புதுப் பற்றரி வாங்கப் போகும்போது முதலாம் படியில் எடுத்த படத்தையும், சேர்விஸ் மனுவலில் உள்ள பாக நம்பரையும், பழைய பற்றரியின் மேல் அச்சிட்டிருக்கும் வோல்ட்டையும் வொட்-அவரையும் கொண்டுபோங்கள். கடைக்காரர் தருகிற பெட்டியில் வோல்ட்டும் பாக நம்பரும் ஒத்திருக்கின்றனவா என்று அங்கேயே வைத்துப் பாருங்கள். ஒத்துவராவிட்டால், "இதுவும் பொருந்தும், கொண்டுபோங்க" என்று சொன்னாலும் வாங்காதீர்கள்.