பாறைக் கரையில் டாக் வெல்க் நத்தையைக் கண்டுபிடிப்பது எப்படி

பிரிட்டன், அயர்லாந்து, நார்வே என்று வட அட்லாண்டிக்கின் பாறைக் கரைகளில் இந்த நத்தை பரவலாக உண்டு. அறிவியல் பெயர் நியூசெல்லா லாப்பில்லஸ். பெரும்பாலும் 3 சென்டிமீட்டர் அளவுதான், ஆனால் அசல் வேட்டைக்காரன்.

கடல் வற்றும் நேரத்தை முன்கூட்டியே பார்த்துக்கொண்டு, முழுதாக வற்றுவதற்குக் கொஞ்சம் முன்பே இறங்குங்கள், தண்ணீர் ஏறத் தொடங்கியதும் கிளம்பிவிடுங்கள். மணலில் தேடிப் பயனில்லை. கொட்டலசும் (பார்னக்கிள்) மட்டியும் அப்பிக் கிடக்கும் பாறைகளில், விரிசல்களுக்குள் பாருங்கள்.

நிறத்தை நம்ப வேண்டாம். வெள்ளை, சாம்பல், பழுப்பு, மஞ்சள், பட்டை போட்டது என எல்லாம் உண்டு. பாசி மேயும் பெரிவிங்கிள் நத்தையும் அங்கேயே திரியும். சந்தேகம் வந்தால் ஓட்டைத் திருப்பி வாய்ப்பக்கத்தைப் பாருங்கள், கீழ் நுனியில் சின்ன வாய்க்கால் மாதிரி ஒரு பள்ளம் இருந்தால் டாக் வெல்க், இல்லையென்றால் பெரிவிங்கிளாக இருக்கலாம். பார்த்ததும் எடுத்த இடத்திலேயே வைத்துவிடுங்கள்.

அப்புறம் காலி மட்டி ஓடுகளைப் புரட்டுங்கள். சுத்தமாகத் துளைத்த, குண்டூசித் தலை அளவுள்ள வட்டத் துளை தெரிந்தால் டாக் வெல்க்கின் வேலையாக இருக்கலாம். தன் காலில் உள்ள சுரப்பியால் மட்டியின் ஓட்டை இளக்கி, பல் நாக்கால் சுரண்டி, மறுபடி இளக்கி என்று நாள் கணக்கில் துளைத்து, உள்ளே தும்பிக்கையை விட்டு சதையைக் கரைத்து உறிஞ்சிவிடும். மட்டியும் சும்மா இருக்காது! பாறையில் ஒட்டிக்கொள்ளப் பயன்படுத்தும் அதே நூல்களால் நத்தையைக் கட்டிப்போட்டுவிடும், தப்ப முடியாவிட்டால் நத்தை பட்டினியில் சாகும். மட்டிக் கூட்டத்துக்கு நடுவே நூல் சுற்றிய ஓடு கண்ணில் பட்டால் அதை மட்டும் ஐந்து நிமிடம் உட்கார்ந்து பார்க்கலாம், எனக்கு இந்தத் தேடலில் பிடித்ததே அதுதான்.

விரிசலுக்குள் கோதுமை மணி போல மஞ்சளாக நிற்பவை முட்டைப் பைகள். தொடாதீர்கள். பெரும்பாலான முட்டைகள் உள்ளேயே மற்ற குஞ்சுகளுக்கு இரையாகிவிடும், மிஞ்சியவை நத்தையாகவே ஊர்ந்து வெளியே வரும். மிதந்து திரியும் பருவமே கிடையாது என்பதால், ஒரு கரையில் அழிந்தால் திரும்பி வரக் காலமாகும். கப்பல் பெயின்டில் கலந்த டிபிடி என்ற நஞ்சால் பெண் நத்தைகளுக்கு ஆண் உறுப்பு வளர்ந்து, முட்டையிட வழியடைத்து, பல கரைகளில் அப்படித்தான் ஆனது. பிரிட்டனில் 25 மீட்டருக்குக் குறைவான படகுகளில் இந்தப் பெயின்டுக்கு 1987இல் தடை வந்தது, உலக அளவில் 2008இல்தான். அதனால் பழைய துறைமுகத்தை ஒட்டிய பாறையில் முட்டைப் பைகள் தென்பட்டால் தேதியோடு படம் எடுத்து வையுங்கள், அங்கே நத்தைகள் முட்டையிடுகின்றன என்பதற்கு அது சாட்சி, வெறும் நத்தைப் படத்தைவிட அதற்குத்தான் மதிப்பு அதிகம்.