காட்ஸெனெல்ன்போகன்: இந்தக் குறுநிலத்தின் வரலாற்றைப் படிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஜெர்மனியின் ரைன் நதிக்கரையில் காட்ஸெனெல்ன்போகன் என்று ஒரு குறுநிலம் இருந்தது. அதைப் படிக்கத் தொடங்குகிறவர்கள் முதலில் வரைபடத்தில் எல்லைக்கோட்டைத் தேடுவார்கள். சறுக்கல் அங்கேதான். அது ஒரே துண்டாகக் கிடந்த நாடு அல்ல. ஓர் ஊரில் சுங்கம் வசூலிக்கும் உரிமை, அடுத்த ஊரில் வழக்கு விசாரிக்கும் உரிமை, இன்னோர் இடத்தில் கோட்டை, திராட்சைத் தோட்டம் என்று ஒரு குடும்பம் தலைமுறை தலைமுறையாகச் சேர்த்தவற்றின் மொத்தம்தான் அது. அதனால் 'எவ்வளவு பரப்பு' என்று கேட்காமல், 'எந்த ஊரில் என்ன உரிமை' என்று கேட்டுப் படியுங்கள்.

சின்ன இடம்தானே, பெரிதாக என்ன இருந்திருக்கும் என்று நினைப்பது அடுத்த தவறு. ரைனில் போகும் படகுகளிடம் வாங்கிய சுங்கம்தான் இந்தக் குடும்பத்தின் பலம். சாங்க்ட் கோவார் ஊருக்கு மேலே 1245-இல் இக்குடும்பத்தின் ஐந்தாம் டீத்தர் கட்டிய ரைன்ஃபெல்ஸ் கோட்டை அந்தச் சுங்கத்துக்குக் காவல். 1255-இல் ரைன் நகரங்கள் கூட்டணி சேர்ந்து முற்றுகையிட்டும் கோட்டை விழவில்லை. கணக்கு எழுதுவதிலும் இவர்கள் கெட்டி. ரீஸ்லிங் என்ற திராட்சைக்குக் கிடைத்திருக்கும் மிகப் பழைய எழுத்துச் சான்று, 1435-இல் ரூஸெல்ஸ்ஹைமில் இவர்கள் எழுதிய செலவுக் கணக்குதான். எனக்கு மிகவும் பிடித்த ஆவணம் இது.

அப்புறம், 'மேல் குறுநிலம்', 'கீழ் குறுநிலம்' என்ற பிரிவு. 13-ஆம் நூற்றாண்டில் குடும்பம் இரண்டாகப் பிரிந்தபோது வந்தது. மேல் என்றதும் நமக்கு மேற்கோ, வரைபடத்தின் மேல்பக்கமோ நினைவுக்கு வரும். இங்கே ஆறுதான் கணக்கு. ரைன் வடக்கே ஓடுவதால் தெற்கே இருந்த டார்ம்ஷ்டாட் பகுதி 'மேல்', வடக்கே இருந்த சாங்க்ட் கோவார் பகுதி 'கீழ்'. ஒரு திருமண உறவின் வழியாக 1402-இல் இரண்டும் மறுபடி ஒன்றாயின.

1479-இல் கடைசி ஆண் வாரிசான ஃபிலிப் இறந்ததோடு புத்தகத்தை மூடிவிடாதீர்கள். மகள் அன்னா, ஹெஸ்ஸே என்ற அண்டை நிலத்தை ஆண்ட குடும்பத்தில் மணமானவர், அதனால் நிலம் அங்கே போனது. அவருடைய மகன் 1500-இல் பிள்ளையில்லாமல் இறந்ததும், அன்னாவின் மகள் எலிசபெத் மணமாகிப் போயிருந்த நாசாவ் என்ற இன்னோர் ஆளும் குடும்பம் பங்கு கேட்டது. வழக்கு 1557 வரை இழுத்தது. ஹெஸ்ஸே நிலத்தின் பெரும்பகுதியை வைத்துக்கொண்டு நாசாவுக்குப் பணம் கொடுத்தது. காட்ஸெனெல்ன்போகன் என்ற பட்டம் நாசாவுக்கும் உண்டு என்றானது. நாசாவ் வழி வந்த நெதர்லாந்து அரசரின் முழுப் பட்ட வரிசையில் காட்ஸெனெல்ன்போகன் இன்றும் இருக்கிறது.