புதிதாக அசெம்பிள் செய்த கம்ப்யூட்டரில் டிஸ்பிளே வரவில்லையா? பிரித்துப் போடும் முன் இதைப் பாருங்கள்

போன தீபாவளி லீவில் என் மச்சினன் முதல் முறையாகத் தானே உட்கார்ந்து ஒரு கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்தான். ரைசன் 5 7600 ப்ராசஸர், பி650 மதர்போர்டு (இனி போர்டு), 16 ஜிபி டிடிஆர்5 ரேம் இரண்டு. ராத்திரி பதினொன்றரைக்கு போன் வந்தது. “மாமா, ஃபேன் எல்லாம் சுத்துது, லைட்டு எரியுது, டிஸ்பிளே மட்டும் வரல. போர்டு போயிடுச்சா?” அழாத குறைதான். அவனுக்கு என்ன ஆனது என்பதை ரேம் பகுதியில் சொல்கிறேன், ஏனென்றால் இப்போது நிறைய பேர் விழுகிற குழி அது.

புது போர்டு செத்துப்போய் கைக்கு வருவது நடக்காத விஷயமில்லை, ஆனால் நான் இதுவரை பார்த்த கேஸ்களில் முக்கால்வாசி பாதி செருகிய ஒயர், மறந்துபோன ஒயர், இடம் மாறிய ரேம். அதனால் எல்லாவற்றையும் கழற்றி மேஜையில் பரப்புகிற வேலையைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம், அப்புறம் ஆன் செய்து பார்ப்பது. மூன்றை ஒரே நேரத்தில் மாற்றிவிட்டு ஆன் ஆகிவிட்டால் எதனால் ஆனது என்றே தெரியாது, நாளைக்கு மறுபடி நின்றால் திரும்ப முதலிலிருந்து.

கை வைக்கும் முன் ஒவ்வொரு தடவையும் எஸ்எம்பிஎஸ் (எல்லாவற்றுக்கும் கரண்ட் கொடுக்கும் பவர் சப்ளை பெட்டி) பின்பக்க சுவிட்சை அணைத்து, பவர் கார்டை உருவி, முன்பக்க பவர் பட்டனை ஒரு முறை அழுத்திவிடுங்கள், உள்ளே மிச்சமிருக்கும் கரண்ட் வடிந்துவிடும். கேபினட்டின் பெயிண்ட் அடிக்காத உலோகப் பகுதியை ஒரு தடவை தொட்டுக்கொள்வதும் நல்லது. எஸ்எம்பிஎஸ் பெட்டியை மட்டும் எக்காரணம் கொண்டும் திறக்க வேண்டாம். ஒயரை உருவிய பிறகும் அதற்குள் ஆளை அடிக்கிற அளவுக்குக் கரண்ட் தங்கியிருக்கும்.

சரி, இப்போது உங்கள் கம்ப்யூட்டர் இந்த மூன்றில் எது என்று பாருங்கள்: பட்டனை அழுத்தினால் ஒன்றுமே நடக்கவில்லையா, ஃபேன் சுற்றி டிஸ்பிளே மட்டும் வரவில்லையா, டிஸ்பிளே வந்து விண்டோஸ் வரவில்லையா?

ஒன்றுமே நடக்கவில்லை என்றால்

சிரிக்காதீர்கள், முதலில் எஸ்எம்பிஎஸ் பின்பக்கம் இருக்கும் சுவிட்சைப் பாருங்கள். கோடு போட்ட பக்கம் அழுந்தியிருந்தால் ஆன், வட்டம் போட்ட பக்கம் என்றால் ஆஃப். அதே பிளக் பாயிண்டில் போன் சார்ஜரைப் போட்டுப் பாருங்கள். புது பவர் கார்டு கொஞ்சம் இறுக்கமாக இருக்கும், நன்றாக அழுத்தித்தான் செருக வேண்டும்.

அடுத்து போர்டின் ஓரத்தில் இருக்கும் 24 பின் கனெக்டர். அதன் கொக்கி போர்டு பக்கத்துப் பல்லைப் பிடித்துக்கொண்டு ‘கிளிக்’ என்று சத்தம் வர வேண்டும். போர்டு லேசாக வளைகிற மாதிரி இருக்கும், பயப்பட வேண்டாம், அடியில் ஒரு கையைத் தாங்கலாக வைத்து அழுத்துங்கள்.

அதுவும் சரியென்றால் சந்தேகம் கேபினட் பட்டனுக்குப் போகிற பொடி ஒயர்கள் மேல். போர்டின் கீழ் மூலையில் 9 பின் கொண்ட ஒரு இடம் இருக்கும், எது பவர் சுவிட்ச் என்று போர்டோடு வந்த புத்தகத்தில் படம் போட்டிருப்பான். அந்த ஒயரைக் கழற்றிவிட்டு, அது செருகியிருந்த இரண்டு பின்னையும் ஸ்க்ரூ டிரைவர் முனையால் ஒரு நொடி சேர்த்துத் தொட்டு எடுங்கள். பட்டன் செய்கிற வேலையும் அதுதான். ஃபேன் சுற்ற ஆரம்பித்தால் போர்டு நன்றாக இருக்கிறது, நீங்கள் ஒயரை இடம் மாற்றிச் செருகியிருக்கிறீர்கள், அல்லது பட்டன் பழுது. பட்டன்தான் பழுது என்றால் ரீசெட் பட்டனின் ஒயரை அங்கே செருகிவிட்டு அதையே பவர் பட்டனாக வைத்துக்கொள்ளலாம், கடைக்குப் போகும் வரை ஓட்ட இது போதும்.

அப்போதும் அசையவில்லை என்றால் எஸ்எம்பிஎஸ்ஸைத் தனியாகச் சோதிக்கலாம். எல்லா ஒயரையும் போர்டிலிருந்து கழற்றி, கரண்டை அணைத்த நிலையில், 24 பின் கனெக்டரில் 16ஆம் பின்னையும் ஏதாவது ஒரு கிரவுண்ட் பின்னையும் ஒரு பேப்பர் கிளிப்பால் இணைத்துவிட்டு அப்புறம் சுவிட்சைப் போடுங்கள். பழைய எஸ்எம்பிஎஸ்ஸில் 16ஆம் பின் பச்சை ஒயர், கிரவுண்ட் கறுப்பு. இப்போது வருவதில் எல்லாமே கறுப்பு என்பதால் கொக்கி இருக்கும் பக்கத்தை வைத்து, பின் படத்தைப் பார்த்து எண்ணித்தான் கண்டுபிடிக்க வேண்டும். எண்ணுவதில் சந்தேகம் இருந்தால் இந்தச் சோதனையை விட்டுவிட்டு நண்பரின் எஸ்எம்பிஎஸ்ஸை வாங்கிப் போட்டுப் பாருங்கள். இன்னொன்று, சில எஸ்எம்பிஎஸ்ஸில் லோடு இல்லாவிட்டால் ஃபேன் சுற்றாது, அதற்காக அது செத்துவிட்டது என்று முடிவு கட்டிவிடாதீர்கள். அதற்கு ஒரு கேபினட் ஃபேனை மாட்டிப் பார்க்க வேண்டும்.

ஒரு நொடி சுற்றிவிட்டு டக்கென்று நின்றால் எங்கோ ஷார்ட் ஆகிறதா என்று பாருங்கள். போர்டுக்கு அடியில் கேபினட்டில் அதைத் தாங்கி நிற்கும் பித்தளை ஸ்டாண்டாஃப்கள் இருக்குமே, அவற்றில் ஒன்று போர்டின் துளைக்கு நேராக இல்லாமல் சாலிடர் இருக்கும் இடத்தைத் தொட்டால் இப்படி ஆகும். பெரிய போர்டுக்காக ஸ்டாண்டாஃப் பொருத்தி வந்த கேபினட்டில் மைக்ரோ ஏடிஎக்ஸ் என்ற சிறிய போர்டை மாட்டுபவர்கள் இதைக் கண்டிப்பாகப் பார்க்க வேண்டும். கீழே விழுந்த ஸ்க்ரூ ஒன்று போர்டுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்ததையும் பார்த்திருக்கிறேன்.

ஃபேன் சுற்றுகிறது, டிஸ்பிளே இல்லை

பெரும்பாலானவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான், அதனால் கொஞ்சம் நிதானமாகப் போவோம்.

மானிட்டர் கேபிள் எங்கே செருகியிருக்கிறது? கிராபிக்ஸ் கார்டு போட்டிருந்தால் கேபிள் கார்டில்தான் இருக்க வேண்டும், மேலே போர்டில் இருக்கும் எச்டிஎம்ஐ ஓட்டையில் அல்ல. கார்டு இல்லாதவர்கள் ப்ராசஸரின் பெயரைப் பாருங்கள். இன்டெலில் 12400எஃப் மாதிரி கடைசியில் எஃப் இருந்தால் அதற்குள் கிராபிக்ஸ் கிடையாது. ரைசன் 5 5600 மாதிரி வெறும் எண்ணோடு முடிகிற 5000 வரிசையிலும் கிடையாது, 5600ஜி போல ஜி இருந்தால்தான் உண்டு. போர்டில் எச்டிஎம்ஐ இருக்கிறதே என்று கேபிளை அதில் செருகிவிட்டு ராத்திரி முழுக்கக் காத்திருந்தாலும் திரை கறுப்பாகத்தான் இருக்கும்.

அடுத்தது ப்ராசஸருக்கான 8 பின் பவர். போர்டின் மேல் இடது மூலையில், கேபினட்டின் ஃபேனுக்கும் கூலருக்கும் நடுவே கை நுழையாத சந்தில் இருக்கும். நான் முதல் முதலில் அசெம்பிள் செய்தபோது இதைத்தான் மறந்தேன். ஃபேன் எல்லாம் ஜோராகச் சுற்றும், ப்ராசஸருக்கு மட்டும் கரண்ட் போகாது. கிராபிக்ஸ் கார்டுக்கான 8 பின்னும் பார்க்க இதே மாதிரி இருக்கும், ஆனால் அது 6+2 என்று பிரியும், ப்ராசஸருடையது 4+4 என்று பிரியும். ஒயர் மேலேயே சிபியு என்று அச்சடித்திருப்பான். ஒன்றை மற்றதில் திணிக்காதீர்கள். பழைய எஸ்எம்பிஎஸ்ஸின் கழற்றி மாட்டும் ஒயர்களைப் புது எஸ்எம்பிஎஸ்ஸில் செருகவும் கூடாது. அந்த முனையின் பின் வரிசை கம்பெனிக்குக் கம்பெனி மாறும், எஸ்எஸ்டி புகைந்துவிடும்.

இனி போர்டு என்ன சொல்கிறது என்று பார்ப்போம். இப்போது வரும் பல போர்டுகளில் ஓரமாக நான்கு பொடி லைட் இருக்கும், சிபியு (ப்ராசஸர்), டிராம் (ரேம்), விஜிஏ (கிராபிக்ஸ்), பூட் (விண்டோஸ் இருக்கும் டிரைவ்) என்று பக்கத்தில் எழுதியிருக்கும். ஆன் ஆனதும் போர்டு ஒவ்வொன்றாகச் சோதித்துக்கொண்டே போகும், எந்த லைட்டில் நிற்கிறதோ அங்கேதான் தகராறு. லைட் இல்லாத போர்டு என்றால் பொடி ஸ்பீக்கர் ஒன்றை வாங்கி, ஸ்பீக்கர் என்று எழுதிய பின்களில் செருகிக்கொள்ளுங்கள். ரேமை முழுக்க எடுத்துவிட்டு ஆன் செய்தால் பீப் கத்த வேண்டும். கத்தினால் போர்டுக்கும் ப்ராசஸருக்கும் உயிர் இருக்கிறது.

டிராம் லைட்டில் நின்றால் ரேம். ரேமைக் கழற்றி மறுபடி செருகுங்கள், பூப்போலத் தொட்டால் உட்காராது, இரண்டு முனையிலும் கட்டை விரலால் அழுத்தி ‘டக்’ என்று சத்தம் வர வேண்டும். சில போர்டுகளில் ஒரு பக்கம் மட்டும்தான் கொக்கி இருக்கும், கொக்கி இல்லாத பக்கம் தூக்கிக்கொண்டு நிற்பது கண்ணுக்கே தெரியாது. பிறகு ஒரே ஒரு ரேமை மட்டும், நான்கு ஸ்லாட் இருந்தால் ப்ராசஸரிலிருந்து எண்ணி இரண்டாவதில், போட்டுப் பாருங்கள். போர்டில் ஏ2 என்று எழுதியிருக்கும். இரண்டு ரேம் போடுவதாக இருந்தால் இரண்டாவதும் நான்காவதும்.

இப்போது மச்சினன் கதை. அவன் போர்டிலும் டிராம் லைட்தான் எரிந்தது. அவன் ஒரு நிமிடம் பார்ப்பான், டிஸ்பிளே வராது, பட்டனை அழுத்திப் பிடித்து அணைப்பான், ரேமை இடம் மாற்றுவான், மறுபடி ஆன் செய்வான். இப்படி ஆறு ஏழு தடவை. பிரச்சினையே அவன் அணைத்ததுதான். டிடிஆர்5 போர்டுகள், குறிப்பாக ரைசன் 7000, 9000 ப்ராசஸர்கள் உட்காரும் ஏஎம்5 சாக்கெட் போர்டுகள், முதல் தடவை ஆன் ஆகும்போது அந்த ரேமோடு எந்த வேகத்தில், எந்த வோல்டேஜில் பேசுவது என்று தானே பழகிப் பார்த்துக்கொள்ளும். மெமரி ட்ரெய்னிங் என்பார்கள். சில நிமிடங்கள் ஆகும், ரேம் அளவு கூடினால் கால் மணி நேரம்கூட ஆகலாம், அதுவரை திரை கறுப்பு, டிராம் லைட் எரியும், சில சமயம் தானே அணைந்து தானே ஆன் ஆகும். இவன் ஒவ்வொரு முறையும் பாதியில் எழுப்பி, அதை முதலிலிருந்து ஆரம்பிக்க வைத்திருக்கிறான். “ஆன் பண்ணிட்டு போய்ச் சாப்பிடுடா, திரும்பிப் பாக்காத” என்றேன். சாப்பிட்டுவிட்டு வந்தால் பயாஸ் (போர்டுக்குள்ளேயே இருக்கும் மென்பொருள்) திரை நிற்கிறது.

ஆகவே டிடிஆர்5 என்றால் முதலில் 15 நிமிடம், கடிகாரத்தைப் பார்த்து, அணைக்காமல் அப்படியே விட்டுவிடுங்கள்.

சிபியு லைட்டில் நின்றால் மூன்று விஷயம். அந்த 8 பின் பவரை மறுபடி பாருங்கள். அடுத்து பயாஸ் பழசாக இருப்பது, அதாவது போர்டு தயாரானபோது உங்கள் ப்ராசஸர் சந்தைக்கே வந்திருக்காவிட்டால் போர்டுக்கு அதை அடையாளம் தெரியாது. 2022இல் வந்த பி650 போர்டில் 2024இல் வந்த ரைசன் 9000 ப்ராசஸரைப் போடுவது இந்த ரகம். போர்டு பெட்டியில் ‘9000 ரெடி’ என்பதுபோல ஸ்டிக்கர் இருந்தால் கவலையில்லை. இல்லையென்றால் போர்டின் பின்பக்கம் பயாஸ் ஃபிளாஷ்பேக் பட்டன் இருக்கிறதா பாருங்கள், இருந்தால் ப்ராசஸரே இல்லாமல்கூட அப்டேட் செய்யலாம். பென்டிரைவை ஃபாட்32 ஆக ஃபார்மட் செய்து, கம்பெனி தளத்திலிருந்து எடுத்த ஃபைலைப் புத்தகத்தில் சொன்ன பெயருக்கு மாற்றி, அடையாளமிட்ட யுஎஸ்பி ஓட்டையில் மட்டும் செருகி, பட்டனை அழுத்த வேண்டும். லைட் மினுக்கி முடியும் வரை கரண்ட் போகவே கூடாது, யுபிஎஸ் இருந்தால் அதில் போட்டுக்கொள்ளுங்கள், மின்தடை நாளில் இந்த வேலையே வேண்டாம்.

மூன்றாவது, வளைந்த பின். ரைசன் 5600 போன்றவை உட்காரும் ஏஎம்4 சாக்கெட்டில் பின்கள் ப்ராசஸரில் இருக்கும், இன்டெலிலும் ஏஎம்5இலும் போர்டின் சாக்கெட்டில் இருக்கும். செல்போன் டார்ச்சைச் சாய்வாக அடித்துப் பாருங்கள், வரிசையில் ஒன்று மட்டும் வேறு மாதிரி மின்னினால் அதுதான். ஏஎம்4 கூலரைக் கழற்றும்போது நேராக இழுக்காதீர்கள், நடுவில் தடவிய தெர்மல் பேஸ்ட் பிடித்துக்கொண்டு ப்ராசஸரும் கூடவே பிடுங்கிக்கொண்டு வரும், இடம் வலம் திருகித் தளர்த்தி எடுங்கள். கூலரைத் திறந்ததுதான் திறந்தீர்கள், அடியில் இருக்கும் பிளாஸ்டிக் தாளை உரித்தீர்களா என்றும் பார்த்துவிடுங்கள்.

விஜிஏ லைட் என்றால் கார்டை மறுபடி செருகி, அதற்கான பவர் ஒயரைப் பாருங்கள்.

இவ்வளவும் பார்த்த பிறகும் கறுப்பு என்றால், பயாஸை ரீசெட் செய்யுங்கள்: கரண்டை எடுத்துவிட்டு, ஒரு ரூபாய் நாணயம் மாதிரி இருக்கும் சிஆர்2032 பேட்டரியைக் கழற்றி ஐந்து நிமிடம் கழித்து மாட்டுங்கள். அதுவும் உதவவில்லையா, இப்போது போர்டைக் கேபினட்டிலிருந்து வெளியே எடுக்கலாம். போர்டு வந்த அட்டைப் பெட்டி மேல் வைத்து, ப்ராசஸர், கூலர், ஒரு ரேம், எஸ்எம்பிஎஸ், கிராபிக்ஸ் இல்லாத ப்ராசஸர் என்றால் கார்டு, அவ்வளவுதான். எஸ்எஸ்டி வேண்டாம், ஆர்ஜிபி லைட் வேண்டாம். வெளியே ஓடினால் குற்றவாளி கேபினட் அல்லது நீங்கள் விட்டுவைத்த ஏதோ ஒரு பொருள், ஒவ்வொன்றாகச் சேர்த்தால் அகப்பட்டுவிடும். வெளியேயும் ஓடாவிட்டால் சாக்கெட்டைப் போட்டோ எடுத்து வைத்துக்கொண்டு, போர்டையும் ப்ராசஸரையும் ரேமையும் சேர்த்தே கடைக்குக் கொண்டுபோங்கள். பின்னை நீங்கள்தான் வளைத்தீர்கள் என்று பேச்சு வந்தால் போட்டோ கைகொடுக்கும்.

டிஸ்பிளே வந்துவிட்டது, விண்டோஸ் வரவில்லை

இது பெரும்பாலும் பழுதே அல்ல. புது எஸ்எஸ்டி காலியாகத்தானே இருக்கும், விண்டோஸ் போட்ட பென்டிரைவைச் செருகி பூட் மெனுவில் அதைத் தேர்ந்தெடுங்கள். ஆசுஸ் என்றால் எஃப்8, எம்எஸ்ஐ, அஸ்ராக் என்றால் எஃப்11, கிகாபைட் என்றால் எஃப்12. பயாஸில் எஸ்எஸ்டியே தெரியவில்லை என்றால் அது முழுதாக உள்ளே போகவில்லை, அல்லது சாட்டா வகை எம்.2 எஸ்எஸ்டியை (போர்டிலேயே படுக்கையாகச் செருகுவது) என்விஎம்இ வகையை மட்டும் ஏற்கிற ஸ்லாட்டில் போட்டிருக்கிறீர்கள். சிபியு ஃபேன் எரர் என்று நின்றால் கூலர் ஒயரை சிபியு ஃபேன் என்று எழுதிய இடத்துக்கு மாற்றுங்கள்.

எல்லாம் ஓடிய பிறகு ரேமின் முழு வேகத்துக்காக பயாஸில் எக்ஸ்போ அல்லது எக்ஸ்எம்பியை ஆன் செய்வீர்கள், அப்போது ட்ரெய்னிங் மறுபடி நடக்கும், திரை மறுபடி கறுக்கும். மறுநாள் மச்சினன் அதை ஆன் செய்தபோதும் அப்படித்தான் ஆயிற்றாம். எனக்கு போன் வரவில்லை, இந்த முறை அவனே டீ குடிக்கப் போய்விட்டான்.