தலைகீழ் பிரமிடும் ஒரு கத்தரிக்கோலும்

செய்தியில் மிக முக்கியமானதை முதலில் வைத்து, மற்றதைப் படிப்படியாகக் கீழே சொல்லும் ‘தலைகீழ் பிரமிடு’ முறைக்கு விளக்கம் கேட்டால் என் ஆங்கில இதழியல் வகுப்புப் பிள்ளைகள் மூச்சுவிடாமல் ஒப்பிப்பார்கள். தேர்வில் செய்தி எழுதச் சொன்னால், கூட்டம் குத்துவிளக்கேற்றித் தொடங்கியதில் ஆரம்பித்து, தீர்மானத்தைக் கடைசி வரியில் வைப்பார்கள். குறிப்பு மேல் குறிப்பாகக் கொடுத்தும் பலனில்லை.

ஒருநாள் கத்தரிக்கோல் கொண்டுபோனேன். பக்கத்தில் இடம் போதாதபோது செய்தியை வெட்டுவதுபோல, அவரவர் எழுதியதை அடியிலிருந்து பத்தி பத்தியாக வெட்டச் சொன்னேன். மிஞ்சிய முதல் பத்தியில் குத்துவிளக்கு மட்டும் எரிந்துகொண்டிருந்தது! ஒரே சிரிப்பு. பிறகு யார், என்ன, எங்கே, எப்போது, ஏன், எப்படி என்பதை 30 சொற்களுக்குள் தமிழில் வாயால் சொல்லவைத்து, அப்புறம்தான் ஆங்கிலத்தில் எழுதவிட்டேன்.

தலைப்பிலும் சறுக்கினார்கள். ஆங்கிலச் செய்தித் தலைப்பில் நேற்று நடந்ததற்கும் ‘மினிஸ்டர் ஓபன்ஸ் பிரிட்ஜ்’ என நிகழ்காலம்தான் வர வேண்டும். நாளை நடப்பதற்கு ‘டு ஓபன்’. ‘வில்’ போட்டால் இப்போது பக்கத்து பெஞ்சே திருத்திவிடுகிறது.